சாமி கலயம்

வைகாசியில் மனைவி சரஸ்வதி இறந்த அன்றைக்குச் சாமியோடு பேச்சை நிறுத்தினார் அருஞ்சுனை. பரளச்சியில் அண்ணன் தம்பிகள் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்துவார்களே, அந்த மாதிரிதான். அவள் பிழைத்து எழ வேண்டும் என்று அவர் அய்யனாரிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. அதற்குப் பிறகு கோயில் வழியாகப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் சாமி படம் இருக்கிற மூலைப்பக்கமே போவதில்லை.

அந்த வீட்டில் சாமியையும் விதையையும் பிரித்துப் பார்த்து யாருக்கும் பழக்கமில்லை. ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கரிசல், விதைப்பது குதிரைவாலி. புரட்டாசியில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாதபோதே காய்ந்த புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை பின்னால் வரும். "மேகத்தப் பாத்துட்டு வெதைக்கிறதுக்குச் சாமி எதுக்குய்யா?" என்பாள் அவர் தாயார் பெத்தம்மாள். அதே பெத்தம்மாள்தான் விதைப்புக்கு முன்னால் ஒரு கலயம் நிறைய விதையை அள்ளி, வேப்பிலை போட்டு, வாயைத் துணியால் கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைப்பாள். பயிர் முழங்கால் உயரம் வருகிற வரைக்கும் அது சாமி பங்கு, யாரும் தொடக் கூடாது. முளைத்தது கருகிப்போனால் சாமி அதைத் திருப்பித் தரும், மறுபடி விதைத்துக்கொள்ளலாம். நீ சாமியை நம்புகிறாயா, கலயத்தை நம்புகிறாயா என்று கேட்டிருந்தால் அவளுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது.

பெத்தம்மாளுக்குப் பிறகு கலயம் கட்டியது சரஸ்வதி. அவள் இடக்கைக்காரி. முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும், அவசரத்துக்கு அவிழ்க்க வராது. "இதச் சாமியாலயே அவுக்க முடியாது" என்று அருஞ்சுனை வருஷம் தவறாமல் கேலி செய்வார். அவளும் வருஷம் தவறாமல் சிரிப்பாள். மகள் சுகப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை உருவிக்கொடுப்பாள்.

இந்தப் புரட்டாசியில் விதைப்புக்கென்று, திருச்சுழியில் கட்டிக்கொடுத்த சுகப்பிரியா பஸ் ஏறி வந்திருந்தாள்.

"கலயம் கட்டலையாப்பா?"

"நமக்கு ஒண்ணும் தராதவருக்கு நாம என்னத்துக்குப் பங்கு வைக்கணும்? எல்லாத்தையும் வெதச்சிருவோம் தாயி."

அவர் டிராக்டருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவள் விதை மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

விதைக்கும்போது மட்டும் அவருக்குக் கோபம் அடங்கியிருந்தது. விரலிடுக்கில் விதை நழுவிக்கொண்டே இருந்தது. வெயிலில் தூரத்து வரப்பு தண்ணீராக ஆடியது. அந்தத் தண்ணீருக்குள் சரஸ்வதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து வருவது போலவும், கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள் போலவும் இருந்தது. கூப்பிட்டால் காணாமல் போய்விடுவாளோ என்று அவர் கூப்பிடவில்லை.

பத்தாம் நாள் ஒரு மழை பெய்தது. காடு முழுக்கப் பச்சை எழும்பியது. பிறகு பதினெட்டு நாள் ஒரு தூறல் கிடையாது. முளையெல்லாம் சுருண்டு, ஊதினால் பறக்கிற தூசியாகிவிட்டது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்து ஊற்றியது. ஊரே மறுவிதைப்புக்கு ஓடியது. அருஞ்சுனை கையில் ஒரு மணி விதை இல்லை. அவரவர் கலயம் அவரவர்க்கே காணாதபோது யாரிடம் போய்க் கேட்பது? ஈரம் நாலு நாளைக்கு மேல் நிற்காது. இந்த வருஷம் நிலம் தரிசுதான் என்று தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் வயிற்றெரிச்சல் தாங்காமல் அந்தச் சாமி மூலைக்குப் போனார். காலிக் கலயத்தைத் தெருவில் போட்டு உடைக்க வேண்டும் என்று ஒற்றைக் கையால் தூக்கினார். கைக்கு வரவில்லை. கனத்தது.

வாய் கட்டியிருந்தது. எதிர்ப்பக்க முடிச்சு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சரஸ்வதி வந்து கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை அவர் முழுசாக நம்பினார். அந்த நினைப்பை விட்டு எழுந்திருக்கவே அவருக்கு மனசில்லை. வெயில் வாசலேறிய பிறகுதான் மகளுக்குப் போன் போட்டார்.

"தாயி, இந்தக் கலயம்..."

"நாந்தாம்ப்பா கட்டி வச்சேன். நீங்க கோவத்துல இருந்தீக. சொன்னா கொட்டிருவீகன்னு சொல்லல. திட்டாதீகப்பா."

"முடிச்சு?"

"எனக்கு வலது கைதான். முடிச்சு மட்டும் அம்மா போட்ட மாதிரியேதான் வருது. வேற மாதிரி போடத் தெரியலப்பா."

அருஞ்சுனை திட்டவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதார். அந்தப் பக்கம் அவளும் அழுதாள்.

முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு ஏக்கருக்குக் காணும் விதை. துண்டில் கொட்டி மூட்டை கட்டியவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். ஒரு பிடி விதையை எடுத்துக் கலயத்தில் போட்டு, அந்தத் துணியாலேயே வாயைக் கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

"இந்தா, வச்சுக்கோ" என்றார். ஐந்து மாதத்தில் சாமியிடம் அவர் பேசியது அதுதான்.