போய் நோயாளியைக் கேள்

அயர்லாந்தில் வலிக்கிறது என்று யாரும் லேசில் வாய்திறந்து சொல்வதில்லை. நான் நர்ஸாக இருக்கும் வார்டில், இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் மேரி பாட்டியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஐ ஆம் கிராண்ட்" என்பார், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று. வந்த புதிதில் இப்படிச் சொன்ன ஒருவரை நம்பி, வலி மாத்திரை தராமலே திரும்பிவிட்டேன். இவர்கள் சொல்வதைக் கேட்காதே, முகத்தைப் பார் என்று சீனியர் திட்டினார்.

இதைத்தான் திருவண்ணாமலையில் நான் படித்த நர்சிங் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் கரடியாய்க் கத்துகிறேன். அங்கே பௌர்ணமி கிரிவலப் படங்களுக்கு நடுவே ஏதாவது ஒரு மாணவி வந்து குதிப்பாள். "அக்கா, கேர் பிளான் ஒண்ணு அனுப்புங்க, அர்ஜென்ட்." நோயாளிக்கு என்ன தொல்லை, என்ன கவனிப்பு என்று அவள் பார்த்து எழுத வேண்டியது அது. எந்த பேஷண்ட்டும்மா என்றால், "எதுனாச்சும் அனுப்புங்கக்கா, பேரை மாத்திக்கிறோம்" என்று பதில் வரும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஒருத்தி நான் கொடுத்த மாதிரியை அப்படியே எழுதி, செங்கம் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் பிசைந்த உருளைக்கிழங்கு என்று கொடுத்துவிட்டாள். நாங்களும் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள்தான். ஆனால் சோற்றையாவது மாற்றுவோம்.

போன வாரம் பானு என்று மூன்றாம் வருட மாணவி ஒருத்தி தனியாக எழுதினாள். "அக்கா, என் பேஷண்ட் சாப்பிடவே மாட்டேங்கறாங்க. என்ன எழுதறது?"

"என்னைக் கேட்டா? போய் அவங்களைக் கேளு. பக்கத்துல உக்காந்து கேளு."

டீ இடைவேளையில் பதில் வந்திருந்தது. "கேட்டேங்க்கா. ஜாஸ்தி சாப்பிட்டா பாத்ரூமுக்கு யாரையாவது கூப்பிடணுமேனு சாப்பிடறதில்லையாம். கூட ஆளே இல்ல. கீழ்பென்னாத்தூராம். மல்லாட்டை காயவைக்க மாடிக்குப் போய் விழுந்துட்டாங்க. மாத்திரையை வாழைப்பழத்துல வச்சாதான் முழுங்கறாங்க. ஒரே பொண்ணு அயர்லாந்துல நர்ஸாம். 'அவகிட்ட சொல்லிடாதீங்க, பாவம்'னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க."

எங்கள் கல்லூரியிலிருந்து இங்கே வந்தவர்கள் நிறைய. பானுவுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. ஊர் எங்கள் ஊர், மல்லாட்டை என்ற வேர்க்கடலையும் ஊரெல்லாம் காய்வதுதான்; எனக்கு அந்த வாழைப்பழம் போதுமாக இருந்தது. அப்படி மாத்திரை முழுங்குவது என் அம்மா.

அப்பா போனபின் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாளே! முகத்தை கேமராவில் ஒட்டவைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேண்டி, நீ சாப்டியா?" என்றாள். பின்னால் தெரிந்த பச்சைத் திரை வார்டில் கட்டுவது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அம்மா மேல், தெரிந்தும் மூடி மறைத்த சித்தி மேல், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு நோயைச் சொல்லக் கூடாது என்று நினைக்கிற நம் ஜனங்கள் எல்லோர் மேலும். சித்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன். விடுப்பு கேட்டேன். ஆள் பற்றாக்குறை, அடுத்த வாரம்தான் என்றார்கள். அந்தப் பொண்ணு நான்தான் என்று பானுவுக்கும் எழுதினேன்.

பிறகு, "சாரிக்கா. இப்ப நான்தான் ஊட்டிவிட்டேன், ரெண்டு இட்லி சாப்ட்டாங்க" என்று வந்தது. அடுத்து, "அக்கா, கேர் பிளான்ல கூட இருக்கறவங்க பேருனு ஒரு இடம் இருக்கு. யார் பேரை எழுதட்டும்?"

வழக்கம்போல, போய் நோயாளியைக் கேள் என்று எழுதப்போனேன். கேட்டால் அம்மா என் பெயரைத்தான் சொல்வாள். "உன் பேரையே எழுதிக்கோம்மா" என்று அனுப்பினேன்.

இடைவேளை முடிந்து மேரி பாட்டியிடம் போனேன். "ஐ ஆம் கிராண்ட்" என்றார். மதியச் சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்ரூம் போகணுமாம்மா?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டேன் என்பது அவர் புரியாமல் விழித்தபோதுதான் தெரிந்தது.