வடக்குப் பக்கத்து அளவு

அந்தத் தெருவில் அவருக்கு 'அரையங்குலம்' என்று பெயர். சட்டைக் கை அரை அங்குலம் நீளமாகிவிட்டது என்று தையற்காரரோடு மல்லுக்கு நின்றவர். வீட்டு அலமாரிக் கதவு அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று மூன்று தடவை கழற்றி மாட்டச் சொன்னவர். மூன்றாவது தடவை தச்சர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனவர்தான், அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பழைய கட்டடங்களை அளந்து படம் வரைவது அவர் தொழில். இப்படிப்பட்ட ஆள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அளக்காமல் வரைந்தார் என்று சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதுதான் அவருடைய கஷ்டமே.

டேப்பின் நுனியை அவர் பிடிப்பார். பெட்டியை இழுத்துக்கொண்டு போய் எதிர்முனையில் நின்று எண்ணைப் படிப்பது அவர் மனைவி. ஆள் கிடைக்காத ஒரு நாள் ஒத்தாசைக்கு வந்தவள், பிறகு வருடக்கணக்கில் விடவேயில்லை. அவள் எண்ணைச் சொல்வாள், இவர் எழுதிக்கொண்டு "அடுத்தது" என்பார். வீட்டுக்குள் பேசியதைவிட இருவரும் டேப்பின் இரண்டு முனைகளில் நின்று பேசியதுதான் அதிகம்.

ஊரின் பழைய பேராலயத்துக் கூரையை அளக்கும் வேலை வந்தபோதும் இருவரும்தான் ஏறினார்கள். கூரைக்கடியில் நாற்பது உத்தரங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழு மரம். உத்தரத்தின் இரண்டு முனைகளும் வடக்கு, தெற்குச் சுவர்களின் உச்சியில் கல்லில் வெட்டிய குழிகளில் உட்கார்ந்திருந்தன. தெற்குப் பக்கம் நடக்க நல்ல பலகை இருந்தது. ஒரே வாரத்தில் முடிந்தது. வடக்குப் பக்கம் புறா எச்சமும் உளுத்துப்போன பலகையும்தான். மனைவி நாலாவது அடி வைத்ததும் பலகை முறிந்து, ஒரு கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. அக்குளில் கைகொடுத்து அவளை இழுத்துப் போட்டபோது அவருக்கு உயிரே போய்விட்டு வந்தது. கணுக்கால் அதன் பிறகு நேராகவில்லை. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள்.

மூன்றாம் நாள், தனியாகப் போய் முடித்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஏறினார். ஏறி, பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அதற்குமேல் நகரவில்லை. பயம், வேறொன்றுமில்லை. எட்டிய வரைக்கும் மூன்று குழிகளை அளந்தார். மூன்றும் தெற்குப் பக்கத்து அளவோடு அப்படியே ஒத்துப்போயின. அதுதான் அவரைக் கெடுத்தது. ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் பயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியிருப்பார். மீதி முப்பத்தேழும் அப்படித்தான் இருக்கும் என்று இறங்கிவந்து, தெற்குப் பக்கத்துப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, மேலே வெள்ளைத்தாள் வைத்து வடக்குப் பக்கத்தை வரைந்து முடித்தார். புறா எச்சத்தில் தவழ்ந்துபோய் யார் சரிபார்க்கப்போகிறார்கள்? பன்னிரண்டு வருடம் யாரும் பார்க்கவுமில்லை.

பிறகு பேராலயத்துக் கூரை எரிந்தது. ஊரே தெருவில் நின்று அழுத மாலையில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளைங்க, நீங்க ஒண்ணு விடாம அளந்து வெச்சிருக்கீங்க" என்றாள். நாற்பது உத்தரமும் கண்முன்னால் விழுந்துகொண்டிருந்தன.

கூரையை இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டுவது என்று முடிவானது. புகைப்படங்கள் ஏராளமாக இருந்தன. அளவு இருந்தது அவருடைய படத்தில் மட்டும்தான். கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். என் வீட்டுக்காரர் வடக்குப் பக்கத்தைத் தனியாளாக அளந்தார் என்று மனைவி வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வெளிச்சுவர் வேலைக்குக் கட்டியிருந்த இரும்புச் சாரம் கருகி விழும் நிலையில் தொங்கியதால் ஒரு வருடத்துக்குமேல் சுவர் உச்சிக்கு யாரையும் விடவில்லை. அதற்குள் எங்கோ ஒரு பட்டறையில், அவர் படத்தைப் பார்த்து நாற்பது மரங்களையும் அறுத்துவிட்டார்கள். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று அவரும் நாளைக் கடத்தினார். ஒருவேளை சரியாக இருந்துவிட்டால்? அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார், தூங்கினார்.

உத்தரங்களை ஏற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் தலைமைத் தச்சர் ஆளனுப்பி அவரைச் சுவர் உச்சிக்கு வரவழைத்தார். நல்ல மனிதர், அரையங்குலத்தின் மேல் பெரிய மரியாதை வைத்திருந்தவர்.

"முதல் மூணு கச்சிதமா உக்காந்துச்சுண்ணே. நாலாவதுலேர்ந்து வடக்குப் பக்கம் குழி தள்ளிப் போவுது. ஒண்ணு ஒரு சாண், ஒண்ணு அரைச் சாண். தீயில சுவர் நகர்ந்திருக்கும்னு சொல்றாங்க. நாளைக்கு கொத்தனாருங்க வந்து உங்க படத்துப்படி புதுக் குழி வெட்டப்போறாங்க."

அவர் சுவரைப் பார்த்தார். நடுவில் வயிறு வைத்தாற்போல் வளைந்திருந்தது. அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் வளைவுக்குத் தக்கபடி ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக வெட்டியிருந்தார்கள். எந்த இரண்டு குழியும் ஒன்றுபோல் இல்லை. தீ தொடாத அந்தக் கல்லைத்தான் நாளை உளி தொடப்போகிறது.

"சுவர் நகரலை," என்றார். "நான் அளக்கலை."

தச்சர் உத்தரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப மேல எப்படி இருந்துச்சுன்னு இனிமே யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது. இந்தக் குழிங்க மட்டும்தான் மிச்சம்."

இருவரும் திட்ட அதிகாரியிடம் போனார்கள். அதிகாரி கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். சுவர் நகர்ந்தது என்று அறிக்கை கையெழுத்தாகிவிட்டது, மரங்களை ஊர் ஊராகக் கேட்டு வாங்கியாகிவிட்டது, இன்னொரு நாற்பதுக்கு எங்கே போவது, திறப்பு நாளும் குறித்தாயிற்று. உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன், வயதான காலத்தில் மனக்குழப்பம் வருவது சகஜம், வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். தச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நாள் உளிச் சத்தம் கேட்டது. பழைய குழிகளைச் சாந்து வைத்து அடைத்தும்விட்டார்கள்.

கூரை முடிந்ததும், ஆவணத்துக்காகப் புதிதாக அளந்து தரச்சொல்லி அவருக்கே கடிதம் வந்தது. முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தார். அதற்குள் மனைவி டேப்பைத் துடைத்து எடுத்து வைத்திருந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுடைய காலைப் பார்க்கும்போதெல்லாம் வாய்வரை வந்தது நின்றுவிடும்.

இப்போது வடக்குப் பக்கமும் கைப்பிடி வைத்த நல்ல நடைபாதை. கோணல் காலோடு அவள் தைரியமாக நடந்தாள். தெற்கை முடித்துவிட்டு வடக்குக்கு வந்தார்கள். அவள் எண்ணைப் படித்தாள், அவர் எழுதினார். நாலாவது, ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது. எதிலும் ஒரு நூல் பிசகவில்லை. அவள் பழைய படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க, அன்னிக்கு நீங்க தனியா வந்து எழுதினது அப்படியே இருக்கு. ஒரு அரை அங்குலம்கூட மாறலை."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

"அடுத்தது," என்றார்.