கம்ராவின் குறை

அறுபது பேருக்கு மூன்று படகு என்றால் வாய்ச்சண்டைக்குப் பஞ்சமிருக்குமா? பிஸெர்த் நகரின் பழைய துறைமுகத்துப் பாய்மரப் படகுச் சங்கத்தில் அந்தப் பஞ்சம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கம்ரா, நஜ்மா, யாஸ்மீனா என்று மூன்று படகுகள். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். முறை வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். எவனோ பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டான், எவளோ மீன் வறுத்துவிட்டு அடுப்பைத் துடைக்காமல் போய்விட்டாள் என்று திங்கட்கிழமை காலையில் சங்க அறைக்கு வந்து கத்துவார்கள். அத்தனை கத்தலையும் வாங்கிக்கொண்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்து, முறை போட்டு, சங்கத்தை நடத்துகிறவள் நசீஹா. அவளுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். அதனால்தான் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். தனக்கென்று ஒரு முறை கேட்கமாட்டாள் அல்லவா?

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகக் கூடாது. திரும்பி வந்தவர் அடுத்துப் போகிறவரின் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போதே படகின் குறையையும் சொல்ல வேண்டும். 'பம்பு முரண்டு பிடிக்குது', 'இடப்பக்கக் கயிறு நைஞ்சிருக்கு', இப்படி ஏதாவது. குறையே இல்லை என்று ஒருவர் சொன்னால் அவர் படகைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், சாவியை வாங்கமாட்டார்கள். எழுதி ஒட்டிப் பார்த்தார்கள், ஒருத்தரும் படிக்கவில்லை, விட்டுவிட்டார்கள். அடுத்தவர் வரவில்லையென்றால் சாவியும் குறையும் நசீஹாவிடம் வரும். அவள் மனதில் வைத்திருந்து, உரியவர் வந்ததும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். இருபது வருஷத்துக்கு மேலாக ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

அப்படிப்பட்டவளிடம்தான் நவம்பர் மாதத்து மழை நாளொன்றில் அவள் கணவன் ஷாத்லி கம்ராவின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த முறை மருந்துக்கடை லம்ஜத்துக்கு. சங்கத்தின் தலைவரும் அவர்தான். மழைக்குப் பயந்து துறைமுகப் பக்கமே வராமல் வீட்டில் போர்வைக்குள் கிடந்தார் அந்த மகராசன். நசீஹா அடுப்படியில் மாவுத்தாளுக்குள் முட்டை வைத்து மடித்து ப்ரீக் பொரித்துக்கொண்டிருந்தாள். ஷாத்லியின் தங்கை மொன்ஜியா கதவில் சாய்ந்துகொண்டு தன் வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. ஷாத்லி ஈரச் செருப்போடு வந்து சர்க்கரை டப்பா பக்கத்தில் சாவியை வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன், கேட்டேன். கையக் கழுவிட்டு வாங்க, ஆறிடப்போகுது."

மறுநாள் காலையில் லப்லாபிக் கடையில் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்ட ஷாத்லி, அதன் மேலேயே தலை சாய்த்துவிட்டார். கடைக்காரர் கொண்டைக்கடலைக் குழம்பைக் கரண்டியோடு ஏந்திக்கொண்டு, ஊற்றட்டுமா வேண்டாமா என்று நின்றிருக்கிறார்.

நசீஹா அழவில்லை. மொன்ஜியா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதார்கள், லம்ஜத் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். இவள் வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். கொடுத்தால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். கணவனுக்காக வீட்டிலிருந்து துக்கம் காக்கும் இத்தா முடியும் முன்பே சங்க அறையைத் திறந்து உட்கார்ந்தாள். ஊர் பேசியது. பேசட்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள், முறை போட்டாள், கத்தல்களைக் கேட்டாள். உடம்பு முழுக்க மரத்துப்போன கால் போல இருந்தது, அவ்வளவுதான்.

யாஸ்மீனாவின் குறையை ஒருவருக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. கம்ராவின் குறை என்ன? சாவி அவளுடைய கம்பளிச் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் என்ன சொன்னார்?

எண்ணெய் வாசம் நினைவிருந்தது. மொன்ஜியா வீட்டுக்காரனை என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பது முழுசாக நினைவிருந்தது. ஷாத்லியின் செருப்பிலிருந்து தரையில் ஓடிய தண்ணீர் நினைவிருந்தது. அவர் வாய் அசைந்தது, 'கேட்டியா' என்று கேட்டது, எல்லாம் இருந்தது. நடுவில் இருந்த அந்த வாக்கியம் மட்டும் இல்லை. அவள் கேட்டிருந்தால்தானே இருக்கும்!

அன்றிலிருந்து கம்ரா 'ரிப்பேரில்' இருந்தது. ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவர் கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்று ஊரறியச் சொல்ல வேண்டிவரும். அது அவளால் முடியவில்லை. தானே போய்ப் பார்க்கலாமென்று இரண்டு தடவை கிளம்பி, படகுத்துறையின் பாதி வரைக்கும் போய்த் திரும்பிவந்தாள்.

குளிர்காலம் போய் நோன்பு மாதம் வந்தது. கொண்டைக்கடலை ஊறவைக்க நீல எனாமல் பாத்திரத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. உடனே மொன்ஜியாவுக்குப் போன் போட்டாள். அந்தக் குடும்பத்தில் பாத்திரம் காணாமல் போனால் மொன்ஜியாவிடம்தான் முதல் விசாரணை.

"அண்ணி, உன் ஓட்டைப் பாத்திரத்த வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? எங்க வீட்ல பாத்திரமே இல்லையா?"

"ஓட்டை இல்ல, விளிம்புதான் பேந்திருக்கு. பெருநாளைக்குக் கஸ்கஸ் அள்ளிட்டுப் போனியே, அதுல வெச்சுத்தானே போன?"

"போனேன். திருப்பிக் குடுத்தேன். உன் கையிலதான் குடுத்தேன். உன் மறதிக்கெல்லாம் நான் திருடியாகணுமா?"

நசீஹா போனை வைத்துவிட்டாள். மொன்ஜியா திரும்பக் கூப்பிட்டாள், இவள் எடுக்கவில்லை. கடலையை வாளியில் ஊறவைத்தாள்.

ஈது முடிந்ததும் வெயில் நன்றாக அடித்தது. அடங்கிக்கிடந்த அறுபது பேரும் ஒரே நேரத்தில் படகு கேட்டார்கள். இரண்டு படகை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? லம்ஜத் அறைக்குள் வந்து அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கம்ராவுக்கு என்ன ரிப்பேர்?"

"பம்பு, லம்ஜத் அண்ணே."

"யாரு பண்றான்? நான் பாக்குறப்பல்லாம் கடல்காக்காதான் மேல உக்காந்திருக்கு. அதுதான் மெக்கானிக்கா?"

அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு நசீஹா. என் மக லியோன்லேருந்து வந்திருக்கா. பேரப்புள்ளைய இப்பத்தான் மொத மொதல்ல கண்ணால பாக்குறேன். நவம்பர்ல எனக்கு வரவேண்டிய முறை இன்னும் வரல. வர்ற ஞாயித்துக்கிழமை கம்ரால அவங்களக் கூட்டிட்டுப் போறேன். சாவி இல்லேன்னா பூட்ட உடைக்க ஆளோட வருவேன். ஷாத்லிக்காக இத்தனை நாளு வாய மூடிட்டிருந்தேன், ஆமா."

அவர் போனபிறகு நசீஹா துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள். ஏதாவது ஒரு குறையைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பம்பு முரண்டு பிடிக்கிறது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? எந்தப் பம்பு முரண்டு பிடிக்காமல் இருந்திருக்கிறது? ஆனால் அவர் சொன்னது பம்பாக இல்லாமல் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பியாக இருந்தால்? சுக்கானாக இருந்தால்? வெளியே வாடைக்காற்றில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது அது தெறித்தால்? நினைத்துப் பார்த்தாள், பயம்கூட வரவில்லை. பயப்பட வேண்டிய விஷயம் என்று மட்டும் தெரிந்தது. கணவனை இழந்து இத்தனை மாதமாகிறது, பயத்தையும் சேர்த்தல்லவா அவர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் லம்ஜத் குடும்பத்தோடு படகுத்துறையில் நின்றார். கூடையில் ரொட்டியும் டூனா மீனும் ஹரீஸா மிளகாய் விழுதும். மகள் குழந்தைக்குத் தொப்பி போட்டுவிட, அது பிடுங்கி எறிய, அவள் எடுத்துப் போட, மறுபடி எறிய. பூட்டு உடைக்கிற ஆள் யாரும் வரவில்லை. அதெல்லாம் வாய் வீரம்தான், லம்ஜத்தைத் தெரியாதா?

அவர் கையை நீட்டினார். "சொல்லு, என்ன குறை?"

நசீஹா சாவியைப் பையிலிருந்து எடுத்தாள். கொடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது அண்ணே."

"என்ன தெரியாது?"

"அவரு சொன்னாரு. நான் கேக்கல. அடுப்புல வேலையா இருந்தேன். கேட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா கேக்கல."

லம்ஜத்துக்கு ஒரு கேலி நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். அவருக்கு வராத நேரமே கிடையாது. ஆனால் அவர் அதை விழுங்கிவிட்டு, கூடையை மகளிடம் கொடுத்தார்.

"இதுக்கா இத்தனை மாசம்? சரி, ஏறு. அவன் சொன்னத நம்மளே தேடிப் பாப்போம்."

"எனக்குக் குமட்டும்."

"கட்டியிருக்கிற படகுதான, குமட்டட்டும். ஏறு."

லம்ஜத் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். சுக்கானை இப்படியும் அப்படியும் திருப்பினார். இன்ஜின் இருமிவிட்டு ஓடியது. பம்புகூட, என்ன ஆச்சரியம், முரண்டு பிடிக்கவில்லை. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். "ஆனா குறை சொல்லாம ஷாத்லி சாவி குடுத்ததே கிடையாதே. புதுப் படகா இருந்தாலும் பெயிண்ட் நாத்தமடிக்குதும்பான்."

நசீஹா பூட்டைத் திறந்து கீழே அறைக்குள் இறங்கினாள். பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. படுக்கை மெத்தை கறுத்து ஊறிக் கிடந்தது. அதன் நடுவில், கூரை ஜன்னலுக்கு நேர் கீழே, நீல எனாமல் பாத்திரம் இருந்தது. விளிம்பு பேந்த பக்கம் அவளைப் பார்த்து இருந்தது. குளிர்கால மழையெல்லாம் ஜன்னல் வழியாகச் சொட்டி, பாத்திரம் நிரம்பி, வழிந்து, மெத்தையை நாசமாக்கியிருந்தது. இன்னும் தளும்பத் தளும்பத் தண்ணீர் நின்றது.

அவர் சொன்ன வாக்கியம் அப்போதும் அவளுக்குத் திரும்பி வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"என் பாத்திரத்தையா எடுத்தீங்க?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சங்கத்துல ஒரு வாளி இல்லையா? என் பாத்திரம்தான் கெடச்சுதா? நான் மொன்ஜியாவப் போய்த் திருடின்னு..." ஈர மெத்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, வாயைக் கம்பளிச் சட்டையில் பொத்திக்கொண்டாள். படகும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. குமட்டல் வந்ததா என்று அவள் கவனிக்கவில்லை.

"உள்ள என்ன? எலியா?" என்று மேலிருந்து லம்ஜத் கேட்டார். பதில் வராததால் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைக்குக் கடல்காக்காவைக் காட்டப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நசீஹா பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து தண்ணீரைக் கடலில் கொட்டினாள். முந்தானை போலத் தொங்கிய சட்டை நுனியால் உள்ளே துடைத்தாள். திரும்ப இறங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். மெத்தையை மட்டும் மேலே தள்ளினாள், லம்ஜத் இழுத்து வெயிலில் போட்டார். பிறகு சாவியை நீட்டினாள்.

"கூரை ஜன்னல் ஒழுகுது. ரப்பர் போயிடுச்சு. அடியில பாத்திரம் வெச்சிருக்கு, நெறையறதுக்குள்ள கொட்டிரணும். பாத்திரம் என்னோடது. யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது."

"கேட்டேன்" என்று லம்ஜத் சாவியைப் பிடித்தார்.

அவள் விடவில்லை.

"கேட்டேன்னு சொல்லாதீங்கண்ணே. திருப்பிச் சொல்லுங்க."

லம்ஜத் அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் நிமிர்ந்து நின்று, கூரை ஜன்னலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பாத்திரம் யாருடையது என்பதையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் நசீஹா விரலைத் தளர்த்தினாள்.