கேஸ் அக்காவின் ஒன்பதாம் பக்கம்

நோர்வேயின் வெஸ்ட்லிக் குடியிருப்பில் வசந்தமலர் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'கேஸ் அக்கா' என்று கேட்டால் எந்த மாடி, எந்தக் கதவு என்று சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். அந்தப் பட்டத்தை யாரும் அவளைப் பழிக்க வைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டே முக்கால்வாசி உலகத்தை அவள் ஆண்டுவந்தாள்.

முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருட வேலை. அங்கே படுத்திருப்பவர்கள் எல்லாரும் கேஸ்கள்தான். ஊட்டினால் வாயைத் திறக்கிறவர் தங்கமான கேஸ். குளிக்க வரமாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவர் பிடிவாதக் கேஸ். வைத்தியர் கைவிட்டவரை 'முடியப்போற கேஸ்' என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். அன்றைக்கு வேலை முடிந்தபிறகும் அந்த அறையில் அரைமணி நேரம் இருந்து, அவர் கையைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறுவாள்.

வீட்டிலும் இதே கதைதான். ஊருக்குக் கொண்டுபோகும் பயணப் பெட்டி கேஸ். கோவில் நிர்வாகத்தில் இரண்டு பேர் முகம் பாராமல் திரிந்தால் அது நீளப்போகிற கேஸ். தண்ணீர் வடியாத உடுப்புத் தோய்க்கிற இயந்திரம் செத்த கேஸ். பேருந்து ஓட்டும் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர், அதனால் அவர் தனிக் கேஸ். அவர் அதை மறுத்ததில்லை. மறுப்பதற்குப் பதினோராவது வார்த்தை வேண்டுமே!

இத்தனை கேஸ் பேசுகிறவள் ஒரேயொரு கேஸைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. அது தொண்ணூற்றிரண்டில் அவள் நோர்வேயில் கொடுத்த அகதிக் கேஸ். அந்தக் காலத்தில் வந்தவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. 'கேஸ் எடுபட்டதோ' என்று கேட்கலாம், எடுபட்டால் கேக் வெட்டலாம். உள்ளே என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. கட்டின புருஷனும் கேட்கமாட்டார், பெற்ற பிள்ளையும் கேட்காது.

அவர்கள் வீட்டு மௌனத்தைக் கலைத்தது மகள் துஷ்யாவின் கல்யாணம். ஆவணி மாதத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அழைப்புப் பட்டியலோடு வந்து தாயின் முன்னால் அமர்ந்தாள். முதல் பெயரே தயாபரன் மாமா. வசந்தமலருடைய ஒரே அண்ணன், ஊரில், கொடிகாமத்தில் இருக்கிறார், அறுபத்தாறு வயது.

வசந்தமலர் வழக்கம்போல, அண்ணையின்ர கேஸ் கஷ்டமான கேஸ், விசாவெல்லாம் சரிவராது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்தாள். மகள் விடவில்லை. தான் வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கில் தாய்மாமன் வார்க்க வேண்டிய தண்ணீரை அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வார்த்ததை அவள் மறக்கவில்லை. அவரை அதற்கு முன்னும் பின்னும் அவள் சரியாகப் பார்த்ததில்லை. சொந்த மாமாவோ, ஊருக்குப் போன இரண்டு தடவையும் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குறிச்சியெல்லாம் காட்டித் திரிந்தவர்.

"மாமா வராமல் நான் மணவறைக்குப் போகமாட்டன் அம்மா," என்றாள் துஷ்யா. "நீங்கள் ஏன் ஒருநாளும் அவரைக் கூப்பிடேல்லை எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

பெற்றது தன்னைப்போலவே பிடிவாதக் கேஸ் என்று வசந்தமலருக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முப்பத்துமூன்று வருடமாக நெஞ்சில் கிடந்ததை அன்றைக்கு இறக்கி வைத்தாள்.

ஆமி பிடித்துக்கொண்டுபோய் மறியலில் வைத்திருந்த தயாபரன், அவள் புறப்பட்ட வருடம்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். எந்த நேரமும் திரும்பப் பிடிப்பார்கள் என்ற நிலைமை. கொழும்பில் தங்கியிருந்த லொட்ஜில் தங்கேஸ்வரி என்றொரு பெண் புத்தி சொன்னாளாம். அண்ணன் இருக்கிறான் என்று அங்கே மூச்சும் விடாதே, நீ சொல்வது தூதரகத்துக்குப் போகும், அங்கேயிருந்து ஆமிக்குப் போகும், அவனைத் தூக்கிவிடுவார்கள் என்று. இருபத்து நான்கு வயது வசந்தமலர் அதை அப்படியே நம்பினாள். இங்கே விசாரணையில் சகோதரம் எத்தனை என்று கேட்டபோது, ஒரு தங்கச்சி மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள்.

முதல் சில வருடம் அண்ணனுக்காகப் பயந்தாள். ஊரில் சண்டை ஓய்ந்தபிறகு தனக்காகப் பயந்தாள். அண்ணன் என்று ஒருவரை அழைத்தால் பழைய கோப்பைத் திறப்பார்கள், பொய் பிடிபடும், கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு குடும்பத்தையே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். இந்தப் பயத்திலேயே அவள் தலை நரைத்தது. தயாபரனும் ஆரம்பத்தில் 'என்னையும் ஒருக்காக் கூப்பிடன்' என்று கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். கேட்காமல் விட்டதுதான் அவளை அதிகமாக வதைத்தது.

துஷ்யா தாயைத் திட்டவில்லை. நோர்வேயில் யாரும் தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்கி வாசிக்கலாம், முதலில் அதை எடுப்போம், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு சட்டத்தரணியிடம் போவோம் என்றாள். வசந்தமலர் சம்மதிக்கவில்லை. 'உறங்கிற கேஸை ஏன் எழுப்பிறாய்' என்று இரண்டு கிழமை மகளைக் கெஞ்சினாள். கடைசியில் ஸ்ரீஸ்கந்தராசாதான் வாயைத் திறந்தார்.

"கையெழுத்தை வையும். என்ன வந்தாலும் நான் இருக்கிறன்," என்றார்.

அந்த மனிதரின் ஒரு நாள் ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. வசந்தமலர் கையெழுத்து வைத்தாள்.

ஆறு கிழமையில் கோப்பு வந்தது. ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் துஷ்யா அதை வாசிக்க, தாய் எதிரே இருந்து மகளின் முகத்தையே வாசித்தாள். நாலாம் பக்கத்தில் அந்தப் பொய் இருந்தது. சகோதரம்: ஒரு தங்கை. வசந்தமலர் கண்ணை மூடிக்கொண்டாள். துஷ்யா மேலும் பக்கங்களைப் புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"அம்மா, நீங்கள் மாமாவைச் சொல்லிப்போட்டியள். இந்தப் பக்கம் முழுக்க மாமாதான்."

வசந்தமலர் நம்பவில்லை. காகிதத்தைப் பறித்துப் பார்த்தாள். நோர்வேஜிய எழுத்துகளுக்கு நடுவே தயாபரன் என்ற பெயர் ஏழு இடத்தில் இருந்தது. அடியில் அவளுடைய கையெழுத்து. அன்றைக்கு ஆறு மணித்தியாலம் விசாரணை நடந்தது, மத்தியானத்துக்குப் பிறகு காய்ச்சல், என்ன பேசினோம் என்று ஒன்றும் ஞாபகமில்லை. மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் திருப்பி வாசித்துக் காட்டியபோது, நம்முடைய ஆட்களுக்கே உரிய மாதிரி, எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாள். அதை வாசித்துத்தான் அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஒளிப்பதற்கு அங்கே ஒன்றுமே இருந்ததில்லை.

மாமாவுக்கு அழைப்புப் படிவத்தை இன்றைக்கே நிரப்பலாம் என்று மகள் சொன்னது அவள் காதில் விழவில்லை. முப்பத்துமூன்று வருடம்! தன் தலையில் இரண்டு தரம் அடித்துக்கொண்டாள். பிறகு தொலைபேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, அழுகையும் சொல்லுமாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

மறுமுனையில் தயாபரன் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மெல்லச் சொன்னார்.

"நான் வேறை மாதிரி நினைச்சுப்போட்டன் பிள்ளை. மறியலுக்குள்ளை கிடந்தவனை அங்கை அண்ணன் எண்டு காட்ட உனக்கு வெக்கமாக்கும் எண்டு."

துஷ்யா தாயிடமிருந்து தொலைபேசியை வாங்கி மேசையில் வைத்து, "மாமா, அம்மா அண்டைக்கு என்ன சொன்னவ எண்டு வாசிக்கிறன், கேளுங்கோ," என்றாள். நோர்வேஜியத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில், தட்டித் தடவி, வரி வரியாக மாற்றி வாசித்தாள்.

விமான நிலையத்துக்கு யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்டதற்கு, தயாபரன் என்று பதில். அங்கே குளிரும் என்று கொழும்புப் புறக்கோட்டைக் கடையில் ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தந்தார். குனிந்து அவரே நாடாவைக் கட்டிவிட்டார். தனக்கு ஆபத்து என்று தெரிந்தும் விமானம் கிளம்பும்வரை வெளியே நின்றார். அதிகாரி இடைமறிக்கிறார்: உங்களுக்கு அண்ணன் இல்லையென்று காலையில் சொன்னீர்களே? விண்ணப்பதாரி நீண்ட நேரம் அழுகிறார். பிறகு சொல்கிறார்: இல்லையென்று சொல்லச் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஏலாது. எனக்கு அண்ணன் இருக்கிறார்.