அவர் உயரத்தில் ஒரு சீட்

கண்டக்குழி ஊர் ஹஃபீலா ஓட்டும் சைக்கிளில் சீட் மட்டும் அவளுடையதல்ல. கணவர் றஊப் கத்தாருக்குப் போன அன்று எந்த உயரத்தில் விட்டுப் போனாரோ, அதே உயரத்தில் இருந்தது. வந்ததும் ஏறி ஓட வேண்டாமா? இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, பார் இல்லாத சைக்கிளாகத் தேடி வாங்கியவர் அவர். ஆனால் அவர் நெட்டை, இவள் கட்டை.

இடியப்பப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஆலங்குடா கடற்கரை விடுதிகளுக்கு அவள் நுனிக்காலால் மிதித்துப் போவாள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும். முழங்காலின் பின்பக்கம் வலித்தால் தைலம் தேய்ப்பாள். சீட்டை இறக்கச் சொன்னால், "அது அவருட அளவு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்தப் பிடிவாதத்துக்குத் தைலம் எந்தக் கடையில் விற்கிறது?

ஒரு காலை மணலில் சக்கரம் சறுக்கியது. கால் நிலத்துக்கு எட்டவில்லை; கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது. இடியப்பமெல்லாம் மணலோடு போனது.

கிளினிக்கில் கைக்குப் பயிற்சி சொல்லித்தந்த ஸஹ்னா, தைலம் மணத்த முழங்காலையும் அழுத்திப் பார்த்தாள்.

"சீட் உயரம், அதான் இந்த நோவு ராத்தா. பெடல் கீழ இருக்கக்குள்ள குதிகால அதுல வெச்சா கால் நேரா நிக்கணும். உங்களுக்கு எட்டுதா?"

"எட்டாது."

"நோவு அடங்குமட்டும் ஓடாதீங்க. பிறகு சீட்டை இறக்கிட்டு ஓடுங்க. இல்லாட்டி முழங்கால் பழுதாயிரும், சைக்கிளையே மறக்கவேண்டி வரும்."

கைக்கட்டோடு வீட்டிலிருந்த நாட்களில் ஹஃபீலா சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடித்திரிந்தபோது தெரியாத வெறுமை இப்போது தெரிந்தது. அவர் வேண்டும், அவ்வளவுதான். வெட்கமில்லாமல் ஏங்கினாள்.

கை தேறியதும், மகள் ஷிம்லா நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸை எடுத்து, சீட்டைத் தாங்கும் கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். நட்டைத் தளர்த்தினாள். சீட் இறங்கியது, கோடு குழாய்க்குள் போய் மறைந்தது. குதிகாலைப் பெடலில் வைத்தாள். கால் நேராக நின்றது. முற்றத்தைச் சுற்றி வந்தாள், கொஞ்சமும் நோகவில்லை. அதற்காகவே அழுதாள்.

அன்று பின்னேரம் றஊப் வீடியோவில் வந்தார். எப்போதும் "அடுத்த பெருநாளைக்கு வாறன்" என்பவர், அவளுக்குப் பின்னால் நின்ற சைக்கிளைத்தான் முதலில் கண்டார்.

"சீட்ட இறக்கிட்டியா? அப்ப நான் வந்தா?"

"உங்கட அளவுக்குக் கோடு போட்டிருக்கன்."

"எங்க? ஒண்டும் தெரியல்லியே."

"உள்ளுக்கு இருக்கு," என்றாள் ஹஃபீலா. "வந்து உயத்திப் பாருங்க."