பருப்புச் சட்டியில் விழுந்த கரண்டி

மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கின் பழைய கடை வரிசை சாயங்காலமானால்தான் கண் விழிக்கும். சாலையோரமெல்லாம் மேசை, சாத்தே இறைச்சி சுடும் புகை, பாட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே சிரிக்கும் கோலாலம்பூர்க் கூட்டம். அங்கே என் துணிக்கடைக்குப் பக்கத்தில்தான் மைமூன் அக்காவின் ரொட்டிக் கடை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அடுப்படியே கதி என்று இருப்பவர். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

அந்தக் கடையில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் பூட்ஸ் சேற்றோடு வந்து உட்காரும் இடம். அவர்கள் சந்தேகமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று அவர் கணவர் சேக் தாவூத் வைத்த வழக்கம். எழுதி ஒட்டியதில்லை. அவர் மௌத்தான பிறகும் அக்கா அதை விடவில்லை.

மகன் பைரோஸுக்கு அது பிடிக்கவில்லை. "டூரிஸ்ட் எல்லாம் ரெண்டாங் கேக்குறான் உம்மா" என்று அந்த மாட்டிறைச்சிப் பிரட்டலுக்காக நச்சரித்துக்கொண்டே இருந்தான். அக்கா முழங்கால் வலியில் படுத்ததும் துணிந்து அதைச் சமைக்க ஆரம்பித்துவிட்டான். ரெண்டாங் மேல் எனக்குக் கோபமில்லை. தனிக் கடை போட்டிருந்தால் நானே போய்ச் சாப்பிட்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தானே, அந்தத் திருட்டுத்தனம்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை அக்கா நொண்டி நொண்டிக் கடைக்கு வந்தார். அடுப்பில் மாட்டு ரெண்டாங். பைரோஸ் அதைக் கிளறிய கரண்டியையே பருப்புச் சட்டியில் விட்டு, கொழுந்து கிள்ளும் அம்மாக்கண்ணுவின் ரொட்டி மேல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"தொடாத அம்மாக்கண்ணு!" அக்கா தட்டைப் பிடுங்கினார்.

"ஆளுங்க பாக்குறாங்க லா, உம்மா!"

"பாக்கட்டும்! மாட்டுக் கரண்டிய பருப்புல விடுறியே, வெக்கமா இல்ல? உங்க அத்தாவ நம்பி வந்து உக்காந்தவங்கடா இவங்க!"

பருப்புச் சட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். கூட்டம் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்தது. வெட்கங்கெட்ட கூட்டம்.

அம்மாக்கண்ணு மெதுவாகத்தான் கேட்டார். "நேத்தும் இங்கதானே சாப்பிட்டேன், அக்கா? பிள்ளைங்களுக்கும் புங்குஸ் பொட்டலம் கட்டிட்டுப் போனேனே?"

அக்கா மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அம்மாக்கண்ணு எழுந்து குழாயடிக்குப் போனார். அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவே தொடாத கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.