படிக்கட்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

...அட, பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்குச் சேதி தெரியாதா? போன வாரம் எங்கள் வீட்டில் ஆடிட்!

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க வருகிறார் என்றால் நம் நல்லூரில் என்ன நடக்கும்? மூன்று நாள் முன்பே பினாயில் மணக்கும். காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் வந்து குடியேறும். முப்பது வருஷம் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருந்த எங்கள் வீட்டுக்காரர், தன் உடம்பையும் அதே மாதிரி தயார் செய்தார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறது. செக்கப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது ஜிலேபியை நிறுத்தினார். வெந்தயத் தண்ணீர் குடித்தார். வாக்கிங் வேறு!

"பாஸாயிரலாம் அம்மிணி" என்றார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்குச் சர்க்கரை நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. ஆனா மூணு மாசச் சராசரியும் இந்த ரத்தத்துலயே தெரியுதுங்களே?"

மாட்டிக்கொண்டார்! எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் டாக்டரம்மா வயது, சர்க்கரை, கிட்னி என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் போட்டார். இதயத்துக்கு மறுபடி சிக்கல் வருமா என்று அது முன்கூட்டியே கணித்துச் சொல்லுமாம். என்னவெல்லாம் வந்துவிட்டது பாருங்கள்...

"நெஞ்சு வலி வருதுங்களா?"

"துளிகூட இல்லீங்க."

"படி ஏறினா மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லவே இல்லீங்க!"

சும்மா இருப்பேனா நான்? செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். துணியில் ஓட்டை, கறை எங்கே இருக்கிறதோ அங்கே குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். எழுதத் தெரியாத எனக்கு அதுதானே எழுத்து? மாடிப்படியில் அவர் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறாரோ, அந்தப் படியில் வாரம் ஒரு அம்பு ஒட்டிக்கொண்டே வந்தேன். முதலில் பன்னிரண்டாம் படி. அப்புறம் ஒன்பது. கடைசியாக ஆறு.

"பொய் சொல்றாருங்க டாக்டரு. அம்பு கீழ எறங்கிட்டே வருதுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஊட்டுக்குள்ளயே உளவு பாத்திருக்கறா பாருங்க!" என்றார் அவர்.

டாக்டரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. சர்க்கரைக்காரர்களில் சில பேருக்கு நரம்பு மரத்து, வலியே தெரியாதாம். மூச்சு வாங்குவது மட்டும்தான் அடையாளமாம். "ஐயா சொன்னதை நம்பியிருந்தா, நான் தைரியமா ஊட்டுக்கு அனுப்பியிருப்பேனுங்க" என்றார். உடனே எக்கோ என்று இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அரை இருட்டு அறை. சாம்பல் நிறத் திரையில் ஏதோ ஒன்று திறந்து மூடியது... மீன் வாய் மாதிரி. அவருடைய இதயம்! குளத்தின் அடியில் நின்று மேலே பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. எத்தனை தீபாவளி, எத்தனை சண்டை... நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்த நாளிலும் இது பக்கத்தில் இப்படியே திறந்து மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. யாரும் பார்க்காமல். கண்ணை எடுக்கவே முடியவில்லை.

"அழுகறயா அம்மிணி?"

"இல்லீங்க. அழகா இருக்குதுங்க."

பம்பிங் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். இப்போதே தெரிந்தது நல்லது என்றார் டாக்டரம்மா. மருந்தை மாற்றியிருக்கிறார். அடுத்த வாரம் மறுபடி ஆஞ்சியோ. அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் எதையும் கணிக்கட்டும். ஆனால், அதனிடம் உண்மையைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

இருங்கள்... தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தில் அவர் கை வைப்பதற்குள் நான் போகணும்!